‘பாவம்’: ஓர் எழுத்துரு, இரண்டு ஒலிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பாவம்’ என்று அச்சிட்டிருப்பதை வாய்விட்டுப் படிப்பவர், நாக்கு புரள்வதற்கு முன்பே அது எந்தப் பாவம் என்று முடிவு செய்துவிடுகிறார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இது பழகிப்போன செயல். தமிழைப் புதிதாகக் கற்பவருக்கும், பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லித் தருபவருக்கும் இது பெரிய ஐயம். இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறோம்.

‘பாவம்’ என்பது ஒரே சொல்லா?

இல்லை. ஒரே எழுத்துருவில் எழுதப்படும் இரண்டு சொற்கள் அவை. ஒன்று, தீவினையைக் குறிப்பது. புண்ணியத்துக்கு எதிர்ச்சொல்லாக நிற்பது. மற்றொன்று, மனத்தில் எழும் உணர்வையும் அது முகத்திலும் உடலிலும் குரலிலும் வெளிப்படும் தன்மையையும் குறிப்பது. ‘முகபாவம்’, ‘ராகபாவம்’ என்னும் தொடர்களில் வருவது. இரண்டும் வடமொழித் தொடர்புடையவை என்றாலும் பிறப்பால் வெவ்வேறானவை. வடமொழியில் அவை எழுத்தாலும் ஒலியாலும் தனித்தனியே நிற்கின்றன. தமிழ் எழுத்துக்குள் வந்த பிறகுதான் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

‘ஐயோ பாவம்’ என்று இரக்கப்படும்போது வருவது மூன்றாவது சொல்லோ என்று சிலர் கேட்பதுண்டு. அது தனிச் சொல் அன்று. தீவினையைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்த பொருள். ஆகவே சொற்கள் இரண்டு, பெருவழக்கான பொருள்கள் மூன்று என்று கொள்வது பொருந்தும்.

இரண்டையும் ஒலியில் எவ்வாறு வேறுபடுத்துவது?

‘பம்பரம்’ என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லில் பகரம் இருமுறை வருகிறது. முதலில் வரும் பகரம், உதடுகள் மூடித் திறக்கும்போது காற்று வெடித்து வெளிவரும் வல்லொலி. மகர மெய்க்குப் பின்னால் நடுவில் வரும் பகரமோ, தொண்டைக்குள் அதிர்வோடு பிறக்கும் ஒலி. குரல்வளையின் மேல் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு சொன்னால் இந்த அதிர்வை விரலிலேயே உணரலாம். மொழியியலார் முதலாவதை ஒலிப்பிலா ஒலி என்றும், இரண்டாவதை ஒலிப்புடை ஒலி என்றும் வழங்குவர்.

தீவினையைக் குறிக்கும் பாவத்தையும் இரக்கத்தைக் குறிக்கும் பாவத்தையும் பம்பரத்தின் முதற் பகரத்தால் தொடங்க வேண்டும். உணர்வைக் குறிக்கும் பாவத்தைப் பம்பரத்தின் நடுப் பகரத்தால் தொடங்க வேண்டும். வடமொழியில் இந்த இரண்டாவது ஒலி மூச்சு கலந்து கனத்து ஒலிக்கும்; தமிழர் பேச்சில் அந்த மூச்சு பெரும்பாலும் கேட்பதில்லை. அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. அதிர்வு இருந்தால் கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடும்.

வேறுபட்ட ஒலிகளுக்குத் தமிழில் ஏன் ஒரே எழுத்து இருக்கிறது?

தமிழ் எழுத்துமுறை, தமிழ்ச் சொற்களின் ஒலி ஒழுங்கை ஒட்டி அமைந்தது. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் வல்லினம் வன்மையாகவே ஒலிக்கும். இரட்டித்தாலும் வன்மை குறையாது. மெல்லினத்தை அடுத்து வந்தால் அதிர்வொலியாகும். ‘பாட்டு’, ‘அப்பா’, ‘அம்பு’ ஆகிய மூன்றையும் சொல்லிப் பார்த்தால் இது தெளிவாகும். இடத்தைக் கொண்டே ஒலியை அறிந்துகொள்ள முடிவதால், ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து வைத்துக்கொள்ளும் தேவை தமிழுக்கு எழவில்லை. இது சிக்கனமான, செம்மையான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

பிறமொழிச் சொற்கள் வந்தபோதும் இலக்கணம் எழுத்தைக் கூட்டவில்லை. ‘வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ, எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே’ என்று தொல்காப்பியம், வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதப்படுவதையே தமிழில் வழங்கும் வடசொல்லாக ஏற்றது. நன்னூல் இன்னும் நுணுக்கமாக, ‘ஐவருக்கத்து இடையின் மூன்றும் அவ்வம் முதலும்’ என்று, வடமொழியில் க, ச, ட, த, ப எனத் தொடங்கும் ஐந்து வருக்கங்களிலும், அதாவது ஒலி வரிசைகளிலும், நடுவிலுள்ள மூன்று ஒலிகள் அந்தந்த வருக்கத்தின் முதலெழுத்தாக மாறும் என விதித்தது. அந்த விதிப்படி, வடமொழியில் நான்காம் ஒலியால் தொடங்கும் உணர்வுச் சொல்லும் தமிழில் சாதாரணப் பகரத்தையே பெற்றது. முதல் ஒலியால் தொடங்கும் தீவினைச் சொல்லுக்கு ஏற்கெனவே அதே பகரம்தான். இரண்டும் ஒரே வீட்டில் குடியேறியது இப்படித்தான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு அச்சில் உண்டு. சுலோகங்களைத் தமிழ் எழுத்தில் பதிப்பிக்கும் நூல்களில், எழுத்தின் தோளில் சிறிய எண் இட்டு வருக்க ஒலியைக் காட்டுவார்கள். அந்த முறையில் உணர்வைக் குறிப்பது ‘பா⁴வம்’ என அமையும்; எண் இல்லாத பகரம் முதல் ஒலியைக் குறிக்கும். பாராயணம் செய்பவர்களுக்கு மிகவும் பயன்படும் இந்த முறை பொது எழுத்துக்கு வரவில்லை.

தீவினையைக் குறிக்கும் ‘பாவம்’ எங்கிருந்து வந்தது? வடமொழியில் ‘பாபம்’ என்றல்லவா இருக்கிறது?

வடமொழியில் அது ‘பாப’. ரிக் வேதத்திலேயே காணப்படும் பழைய சொல். வடமொழியோடு உறவுடைய பழைய பேச்சு மொழிகளான பிராகிருத மொழிகளில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் பகரம் வகரமாக நெகிழ்ந்ததால், அங்கே அது ‘பாவ’ என்றானது. தமிழ் பெற்றுக்கொண்டது இந்த நெகிழ்ந்த வடிவத்தைத்தான். அந்த நெகிழ்ச்சி தமிழுக்கும் இயல்பாகப் பொருந்தியது. தமிழ்ச் சொற்களைக் கவனித்துப் பாருங்கள்: இரட்டிக்காத தனிப் பகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவில் வருவது அரிது, ‘செய்பவர்’ போன்ற ஆக்கங்களில் இடையின மெய்யை அடுத்து வரும், அல்லது ‘கோபம்’, ‘தீபம்’ போன்ற வரவுச் சொற்களில் வரும்.

இதே தடத்தில் வந்த சொற்கள் இன்னும் இருக்கின்றன. ‘உபமா’ என்பது ‘உவமை’யானது, ‘கபாடம்’ என்பதற்குக் ‘கவாடம்’ என்னும் வடிவமும் உண்டு, ‘த்வீபம்’ என்பது பிராகிருதத்தின் வழியாகத் ‘தீவு’ ஆனது. ‘தபஸ்’ என்பதிலிருந்தே ‘தவம்’ வந்தது என்று மொழியியலார் பலர் கொள்வர். அதற்குத் தமிழ் வேரே காட்டும் அறிஞர்களும் உள்ளனர். ‘உவமை’ என்று எழுதும்போது அது வெளியிலிருந்து வந்தது என்ற நினைவே நமக்கு எழுவதில்லை. ‘பாவம்’ என்பதும் அத்தகைய பழக்கத்தைப் பெற்றுவிட்ட சொல்.

அப்படியானால் ‘பாபம்’ என்று எழுதுவது பிழையா?

பிழை அன்று. ‘பாவம்’ பிராகிருதத்தின் வழியாக முன்பே வந்து தமிழோடு கலந்த வடிவம். ‘பாபம்’ வடமொழி உச்சரிப்பைப் பின்னாளில் நேராக ஒட்டி எழுதிய வடிவம். இரண்டும் இன்று வழக்கில் உள்ளன. பொருநை எனப்படும் தாமிரபரணி ஆறு மலையிலிருந்து இறங்கும் இடத்தில், அம்பாசமுத்திரத்துக்கு அருகே உள்ள பாபநாசத்தையும், தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள பாபநாசத்தையும் இப்போது பெரும்பாலும் பகரம் இட்டே எழுதுகிறார்கள். பழைய தமிழ் எழுத்தில் ‘பாவநாசம்’ என்பதே பழகிய வடிவம். அப்பர் பாடிய பதிகம் ஒன்றுக்கும் ‘பாவநாசத் திருப்பதிகம்’ என்றே பெயர். ஊர்ப்பெயரைப் பொறுத்தவரை அந்த ஊர்க்காரர்கள் எழுதும் வடிவத்தை மதிப்பதே முறை.

‘பாபம்’ என்ற வடிவத்தில் இரண்டு பகரங்களும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை என்பதையும் கவனிக்கலாம். முதற் பகரம் வன்மையாகவும், நடுப் பகரம் அதிர்வோடும் வரும். வடமொழியில் இரண்டுமே வல்லொலிகள். தமிழ் நாக்கு நடுவில் உள்ளதைத் தன் ஒழுங்குக்கு மாற்றிக்கொண்டது.

திருக்குறளில் இந்தச் சொல் வருகிறதா?

வருகிறது. பிறனில் விழையாமை அதிகாரத்தில், ‘பகைபாவம் அச்சம் பழியென நான்கும் இகவாவாம் இல்லிறப்பான் கண்’ (146) என்று, பிறன் மனைவியை நாடுபவனை விட்டு நீங்காத நான்கில் ஒன்றாகப் பாவம் சொல்லப்படுகிறது. இங்கே பாவமும் பழியும் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும்: பழி என்பது ஊர் உரைப்பது, பாவம் என்பது ஊர் அறியாவிட்டாலும் செய்தவனைப் பற்றி நிற்பது. ‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்னும் பழமொழியும் இந்த வேறுபாட்டை நம்பியே நிற்கிறது.

‘பாவி’ என்னும் வடிவமும் குறளில் உண்டு. ‘அழுக்காறு எனஒரு பாவி’ (168), ‘இன்மை எனஒரு பாவி’ (1042) என்று பொறாமையையும் வறுமையையும் ஆளாக்கி வள்ளுவர் பாவி என்கிறார். வறுமைக்கு ஆளானவனைப் பாவி என்னாமல் வறுமையையே பாவி என்று வைத பாங்கை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சம் நெகிழ்கிறது.

தீவினையைக் குறித்த சொல் இரக்கத்தைக் குறிக்க வந்தது எப்படி?

இந்தச் சொல்லின் வரலாற்றில் மிகவும் ஆழமான பகுதி இதுவே. ஒருவர் படும் துன்பம், அவர் முன்பு செய்த தீவினையின் பயன் என்ற எண்ணம் இந்திய மரபுகளில் வேரூன்றியது. அந்த எண்ணத்தில் துன்பப்படுபவரைக் காணும்போது ‘பாவம்’ என்று சொல்வது, முதலில் ‘இது அவர் செய்த பாவத்தின் விளைவு’ என்ற கூற்றாகவோ, ‘இப்படி ஒரு துன்பம் நேர்வது பாவம்’ என்ற ஆற்றாமையாகவோ இருந்திருக்க வேண்டும். நாளடைவில் காரணம் மறைந்து துன்பம் மட்டும் நின்றது. துன்பத்தைக் கண்டவரின் இரக்கம் அந்தச் சொல்லில் ஏறிக்கொண்டது. இன்று மழையில் நனைந்து நிற்கும் நாய்க்குட்டியைக் கண்டு ‘பாவம்’ என்பவர் அதன் முற்பிறவியை எண்ணுவதே இல்லை. குற்றம் சுமத்திய சொல், குற்றத்தை மறந்து கண்ணீரைத் துடைக்கும் சொல்லாக மாறியதைத் தமிழின் பெருந்தன்மைகளுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

இலக்கணத்திலும் இரக்கப் பொருள் தனக்கென்று இடங்களைப் பிடித்துக்கொண்டது. ‘அவள் பாவம்’ என்றால் அவள் இரங்கத்தக்கவள். ‘அவள் பாவம் செய்தாள்’ என்றால் தீவினை செய்தாள். ‘பாவமாக இருக்கிறது’ என்றால் பார்ப்பவர் மனம் இரங்குகிறது. ‘பாவம் பார்த்து விட்டுவிட்டேன்’ என்பதில் அது கருணை. ஆனால் ‘பாவ புண்ணியம் பார்க்காதவன்’ என்பதில் மீண்டும் தீவினையே. ‘பாவப்பட்ட சனங்கள்’ என்றால் ஏழை எளியவர்கள். எந்த வினையோடு, எந்த உருபோடு சேர்கிறது என்பதைக் கொண்டே பொருள் தெளிவாகிவிடுவதால், ஒலி ஒன்றாக இருந்தும் இந்த இரண்டு பொருள்களுக்கிடையே குழப்பம் எழுவதில்லை.

‘பாவி’ என்பது இன்னும் விரிந்தது. ‘அடப்பாவி’ என்பதில் வசவும் உண்டு, வியப்பும் உண்டு, நெருக்கமானவரைச் செல்லமாகக் கடிந்துகொள்ளும் அன்பும் உண்டு. ஒப்பாரியில் ‘நான் பாவி’ என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்ணின் குரலில் அது ஆறாத துயரம். மழை பொய்த்த காலத்தில் ஊரார் வைக்கோலால் உருவம் செய்து, ‘கொடும்பாவி’ என்று பெயரிட்டுத் தெருத்தெருவாக இழுத்துச் சென்று, மாரடித்து அழுது, கடைசியில் கொளுத்துவார்கள். ஊரின் பாவமெல்லாம் அந்த உருவத்தோடு போனால் மழை வரும் என்பது நம்பிக்கை. இன்று அரசியல் போராட்டங்களில் எரிக்கப்படும் உருவபொம்மைக்குக் கொடும்பாவி என்ற பெயர் அங்கிருந்து வந்ததே.

அண்டை மொழிகளிலும் இந்த இரக்கப் பொருள் உண்டா?

உண்டு. தெலுங்கில் ‘பாபம்’ என்பதும் கன்னடத்தில் ‘பாப’ என்பதும் தீவினையையும் குறிக்கும். ‘அந்தோ’ என்ற இரக்கத்தையும் குறிக்கும். சிங்களத்தில் தீவினை ‘பவ்’. துன்பப்படுபவரைக் கண்டு சிங்களவர் சொல்லும் ‘அனே பவ்’ என்பது நம்முடைய ‘ஐயோ பாவம்’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் இணையாக நிற்கிறது.

எல்லாவற்றிலும் தெளிவாகப் பிரித்துக்கொண்டது மலையாளமே. அங்கே தீவினைக்குப் ‘பாபம்’, இரங்கத்தக்கவருக்கும் சூதுவாது அறியாதவருக்கும் ‘பாவம்’, உணர்வுக்கு மூச்சொலியுடைய நான்காம் எழுத்தால் தொடங்கும் ‘பா⁴வம்’ என்று மூன்று பொருளுக்கும் மூன்று வடிவங்கள். தமிழ் ஒரே எழுத்துருவில் வைத்திருக்கும் மூன்றையும் மலையாளம் மூன்று அறைகளில் வைத்திருக்கிறது. மலையாளி ஒருவர் ‘அவர் பாவம்’ என்று சொன்னால் அதில் பெரும்பாலும் ‘நல்லவர், அப்பாவி’ என்ற பாராட்டும் கலந்திருக்கும் என்பதைத் தமிழர் நினைவில் கொள்வது நல்லது.

உணர்வைக் குறிக்கும் ‘பாவம்’ எதிலிருந்து பிறந்தது?

‘இருத்தல், ஆதல்’ என்று பொருள்படும் ‘பூ’ என்னும் வடமொழி வேரிலிருந்து பிறந்தது. இந்த வேரிலும் அதே அதிர்வொலிதான். ஆகவே அதன் அடிப்படைப் பொருள் உணர்ச்சி அன்று. ‘இருக்கும் நிலை, ஆகியிருக்கும் தன்மை’ என்பதே. மனம் ஒரு நிலையில் இருப்பதால் அது மனநிலையையும், பிறகு அந்நிலையின் வெளிப்பாட்டையும் குறித்தது. ‘பூமி’, ‘பூதம்’, தானே தோன்றியதாகிய ‘சுயம்பு’ ஆகியவை ஒரே வேரின் பிள்ளைகள். மணிமேகலையின் 30ஆம் காதை ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுவதாகப் பௌத்தர் கூறும் பன்னிரு சார்புகளை ‘பேதைமை, செய்கை, உணர்வே’ என்று அடுக்கிவரும்போது ‘பற்றே பவமே தோற்றம்’ என்கிறது. அந்தப் ‘பவம்’ நம் பாவத்தின் உடன்பிறப்பு. இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் இந்த வேர் எங்கும் பரவியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இரு’ என்று பொருள்படும் ‘பீ’ என்னும் சொல்லும், கிரேக்க மூலத்திலிருந்து வந்த ‘பிசிக்ஸ்’ என்னும் இயற்பியலின் பெயரும் இதே வேருக்கு உறவு.

நாட்டியத்திலும் இசையிலும் ‘பாவம்’ என்பதற்கு வரையறை உண்டா?

உண்டு. நாட்டிய சாத்திரம் நிலையான பாவங்கள் 8, வந்து போகும் பாவங்கள் 33, கண்ணீர், வியர்வை, மயிர்க்கூச்சு போன்று உடலில் தாமாகத் தோன்றும் பாவங்கள் 8 என 49 பாவங்களை வகுக்கிறது.

தொல்காப்பியம் இதே துறையை மெய்ப்பாட்டியல் என்னும் தனி இயலில் பேசுகிறது. ‘நகையே அழுகை இளிவரல் மருட்கை, அச்சம் பெருமிதம் வெகுளி உவகை’ என்று அங்கும் எட்டே. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்பதற்கு நான்கு நிலைக்களங்களையும் தருகிறது: நகை பிறப்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றால், அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால். உள்ளத்தில் எழுவது மெய்யில் படுவதே மெய்ப்பாடு. உணர்வைக் குறிக்கும் பாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை.

இசையில் ‘ராகபாவம்’ என்றால் ராகத்தின் முகச்சாயல் முழுமையாகத் தெரியும்படி பாடுவது. ‘சாகித்ய பாவம்’ என்றால் பாடல் வரிகளின் பொருள் குரலில் தெரிவது.

‘பரதம்’ என்பது பாவம், ராகம், தாளம் ஆகியவற்றின் முதலெழுத்துகளால் ஆனதா?

நடனப் பள்ளிகளில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. கலையின் மூன்று கூறுகளையும் மாணவர் மறவாதிருக்க உதவுகிறது. சொற்பிறப்பு என்ற வகையில் இதை ஏற்க இயலாது. ‘பரத’ என்பது நடிப்போரைக் குறிக்கும் பழைய சொல்; நாட்டிய சாத்திரம் பரதமுனிவர் பெயரால் வழங்குவது. சதிர் என்று வழங்கிய ஆடலுக்குப் பரதநாட்டியம் என்னும் பெயர் பரவலாக நிலைத்தது 1930களில்தான். முதலெழுத்து விளக்கத்தை நினைவுக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

சோதிடத்தில் சொல்லும் ‘பாவம்’ எது? ‘களத்திர பாவம்’ என்று படித்து அஞ்சிப்போனேன்.

அஞ்ச வேண்டாம். சாதகக் கட்டத்தின் 12 வீடுகளையும் சோதிடர்கள் பாவம் என்பர். இருக்கும் நிலை என்ற பொருளுடைய அதிர்வொலிச் சொல் இது. ‘களத்திர பாவம்’ என்றால் வாழ்க்கைத்துணையைக் குறிக்கும் ஏழாம் வீடு. ‘புத்திர பாவம்’ என்றால் பிள்ளைகளைக் குறிக்கும் ஐந்தாம் வீடு. மனைவிக்கோ பிள்ளைக்கோ செய்த தீங்கு என்று பொருள் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம், தீய பலன் தருவதாகக் கருதப்படும் சனி, செவ்வாய் முதலிய கோள்களைப் ‘பாவர்’ என்று அதே நூல்கள் வழங்குவது. அது தீவினைச் சொல்லின் வழி வந்தது. ‘ஏழாம் பாவத்தில் பாவர்’ என்ற வரியில் இரண்டு சொற்களும் தோளோடு தோள் நிற்கின்றன. இதை உணர்ந்த சோதிட எழுத்தாளர்கள் வீட்டைப் ‘பாவகம்’ என்றும் கோளைப் ‘பாபர்’ என்றும் எழுதிப் பிரிக்கிறார்கள். மிக நல்ல வழக்கம்.

‘பாவனை’, ‘பாவித்தல்’, ‘சுபாவம்’ எல்லாம் எந்தப் பாவத்தின் குடும்பம்?

உணர்வைக் குறிக்கும் பாவத்தின் குடும்பம். தன் இயல்பு ‘சுபாவம்’, இன்மை ‘அபாவம்’, மனத்தில் ஒன்றாகக் கருதுவது ‘பாவித்தல்’, இல்லாததை இருப்பதுபோலக் காட்டுவது ‘பாவனை’. ‘மகளாகப் பாவித்து வளர்த்தார்’ என்பதில் உள்ளது இதுவே.

இலங்கைத் தமிழில் இந்தச் சொற்கள் வேறொரு வாழ்வு பெற்றுள்ளன. அங்கே ‘பாவித்தல்’ என்றால் பயன்படுத்துதல்; ‘பாவனை’ என்றால் பயன்பாடு; ‘பாவனையாளர்’ என்றால் பயன்படுத்துபவர், நுகர்வோர். ‘மனிதப் பாவனைக்கு உதவாத உணவு’ என்று இலங்கை நாளிதழில் கண்டால், தமிழ்நாட்டு வாசகர் திகைக்க வேண்டாம். உண்ணத் தகாத உணவு என்பதே பொருள்.

‘பாவை’, ‘பாவலர்’, ‘பாவாணர்’ ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. பாவலரும் பாவாணரும் செய்யுளைக் குறிக்கும் ‘பா’ என்னும் தமிழ்ச் சொல்லின் வழி வந்தவர்கள். பாவை என்பதும் தமிழ். மூன்றுக்கும் வல்லொலிப் பகரமே.

மெல்லினத்துக்குப் பின் வந்தால் ஒலி மாறுமா? ‘அந்தப் பாவம்’ என்று ஒற்று மிகுமா?

இரண்டும் நல்ல கேள்விகள். ‘பெரும்பாவம்’, ‘கொடும்பாவி’ ஆகியவற்றைச் சொல்லிப் பாருங்கள். தீவினைச் சொல்லாக இருந்தும், மகர மெய்யை அடுத்து வருவதால் பகரம் அதிர்வொலியாகிவிடுகிறது. அதனால், அதிர்வு கேட்டாலே உணர்வுச் சொல் என்று முடிவு செய்யக்கூடாது. ஒலி வேறுபாட்டை நம்பத்தக்க இடம் சொல்லின் தொடக்கம் மட்டுமே.

ஒற்று மிகுவதில் சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. தீவினையைச் சொல்லும்போது ‘அந்தப் பாவத்தை’ என்று எழுதுவதும் அப்படியே ஒலிப்பதும் இயல்பு. நாட்டிய உணர்வைச் சொல்லும்போது ஒற்று இட்டு எழுதினால், இரட்டித்த பகரம் வல்லொலியாகிவிடுவதால், படிப்பவர் நாக்கில் அது தீவினையாகிவிடுகிறது. பேச்சில் யாரும் அங்கே ஒற்றை ஒலிப்பதில்லை. ‘முகபாவம்’, ‘ராகபாவம்’ போன்றவை வடமொழித் தொகையாக வந்தவை. அவற்றில் ஒற்று வேண்டாம். சுட்டுக்குப் பின் வருவதற்கு விதி ஒற்றைக் கேட்கிறது. ஒலி அதை மறுக்கிறது. நான் அத்தகைய இடங்களில் ‘அந்த முகபாவத்தை’ என்றோ ‘அந்த மெய்ப்பாட்டை’ என்றோ தொடரையே மாற்றி எழுதிவிடுகிறேன்; விதியும் கெடுவதில்லை, காதும் உறுத்துவதில்லை.

தமிழில் இப்படி வேறு சொற்கள் உண்டா?

பல உண்டு. ‘கதை’ என்பது சொல்லப்படும் கதையாகவும் வீமனின் ஆயுதமாகவும் வெவ்வேறாக ஒலிக்கும். ‘பந்தம்’ வல்லொலியில் தீப்பந்தம், அதிர்வொலியில் உறவு. ‘பாகம்’ வல்லொலியில் நளபாகம், அதிர்வொலியில் பங்கு. ‘தானம்’ கொடையாகவும், ராகத்துக்கும் பல்லவிக்கும் நடுவே பாடப்படுவதாகவும் இருவகையில் ஒலிக்கும். ஆனாலும் ‘பாவம்’ போல அன்றாடப் பேச்சு, சமயம், கலை, சோதிடம் ஆகிய அனைத்திலும் இரண்டு ஒலிகளோடும் ஓயாமல் புழங்கும் சொல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு குழப்பம் இருக்கும்போது தமிழுக்குப் புதிய எழுத்தோ குறியோ சேர்த்துவிடலாமே?

தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ‘பாவத்தோடு பாடினார்’ என்பதை எவரும் தீவினையோடு பாடினார் என்று படிக்கமாட்டார். சூழல் தெளிவாக இல்லாத ஒருசில இடங்களுக்கு உணர்ச்சி, மெய்ப்பாடு, முகக்குறிப்பு, பாவகம் என்று தக்க சொற்கள் கைவசம் உள்ளன. பாராயண நூல்களுக்குத் தோள் எண் இருக்கிறது. எழுத்தைக் கூட்டுவதைவிடக் காதைப் பழக்குவது எளிது.

குழந்தைகளுக்கு இதை எப்படிக் கற்பிப்பது?

நான் ஒரு நடன வகுப்பில் கண்டதைச் சொல்கிறேன். சுவரில் ‘பாவம், ராகம், தாளம்’ என்று வண்ணத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்த ஒரு சிறுமி அதை வல்லொலியில் உரக்கப் படித்துவிட்டு, “டீச்சர், டான்ஸ்ல எதுக்கு டீச்சர் பாவம்? பாவம் பண்ணா சாமி கோச்சுக்கும்ல?” என்று கவலையோடு கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள், ஆசிரியர் சிரிக்கவில்லை. அவளை அருகே அழைத்து, அவளுடைய இரண்டு விரல்களை எடுத்து அவள் தொண்டையின் மேலேயே வைத்து, “பம்பரம் சொல்லு கண்ணு” என்றார். அவள் சொன்னாள். “இப்ப நடுவுல வர்ற எழுத்த மட்டும் புடிச்சுக்கோ. அத வச்சு அந்தச் செவுத்துல இருக்கறத மறுபடி படி” என்றார். அவள் கண்களை மூடிக்கொண்டு, பம்பரம், பம்பரம் என்று நான்கைந்து முறை முணுமுணுத்தாள். பிறகு விரலை எடுக்காமலேயே சுவரைப் பார்த்து, சரியான ஒலியில் படித்தாள்.